குழலும் பாதி மனசாட்சியும்

‘கிகைடர்’ பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். குரோசாவா, அவரை விட்டால் ஓஸு, அவரையும் விட்டால் மிஸோகுச்சி – ஜப்பானிய சினிமா என்றால் நம் வட்டத்தில் பேச்சு இதைத் தாண்டிப் போவதில்லை. ரப்பர் உடை மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் உதைத்துக்கொள்ளும் குழந்தைகள் டெலிவிஷன் தொடருக்கும், நாற்பது வருஷம் கழித்து அதைத் தூசு தட்டி எடுத்த ஒரு வியாபாரப் படத்துக்கும் நம் பத்திரிகையில் என்ன வேலை என்று கேட்டார். நியாயமான கேள்வி. படம் நல்ல படம் என்று வாதாட நான் வரவில்லை. பல இடங்களில் அது மோசமான படம் என்பதையும் சொல்லத்தான் போகிறேன். எனக்கு அக்கறை அந்தப் பொம்மையின் உடம்புக்குள் வைக்கப்பட்ட ஒரு சாமானில். அது 1972-இல் என்னவாக இருந்தது, 2014-இல் என்னவாக ஆயிற்று என்பதில் ஒரு சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தை யாராவது எழுதியாக வேண்டும். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. படத்தையும் பழைய தொடரையும் சப்-டைட்டில்களின் தயவில் பார்த்தவன் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கதையைச் சுருக்கமாக. டாக்டர் கோம்யோஜி ரோபோ விஞ்ஞானி. ‘டார்க்’ என்ற ரகசிய ஸ்தாபனம் அவரைப் பிடித்துவைத்து, நாசவேலைக்கான ரோபோக்களை அவர் கையாலேயே செய்யவைக்கிறது. அதே கையால், அவர்களுக்குத் தெரியாமல், அவர் ஜிரோ என்ற ஒருவனைச் செய்கிறான். அவனுக்குள் மட்டும் ஒரு ‘மனசாட்சி சர்க்யூட்’ பொருத்துகிறார். நல்லது கெட்டது பார்த்து, கட்டளையை மறுக்கும் சக்தியைத் தருவது அது. ஆனால் வேலை முடிவதற்குள் டார்க் குறுக்கிட்டுவிடுகிறது; சர்க்யூட் அரைகுறையாக நின்றுபோகிறது. கோம்யோஜி நினைவிழந்து எங்கோ அலைகிறார். மகள் மிட்சுகோவும் மகன் மசாருவும் அவரைத் தேடி அலைகிறார்கள். அரைகுறை மனசாட்சியோடு ஜிரோ அவர்கள் பின்னால் அலைகிறான். அலைவதுதான் கதை.

டார்க்கின் தலைவன் கில் ஒரு குழல் வைத்திருக்கிறான். அதை ஊதினால் ரோபோக்கள் அவன் சொன்னபடி ஆடும். முழு மனசாட்சி இருந்தால் அந்தச் சத்தம் ஜிரோவை ஒன்றும் செய்யாது. மனசாட்சியே இல்லையென்றாலும் தொல்லையில்லை, மற்ற ரோபோக்களைப் போல அவன் கீழ்ப்படிந்துவிடுவான். பாதி இருப்பதால்தான் அவதி. குழல் கேட்கும்போதெல்லாம் ஜிரோ தலையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் புரள்கிறான். வாராவாரம் இது நடந்தது. 1972 ஜூலை 8 முதல் 1973 மே 5 வரை 43 வாரம், சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, வீட்டு ஹாலில் குழந்தைகள் எதிரே ஒரு கதாநாயகன் கட்டளையின் சத்தம் தாங்காமல் துடித்துக்கொண்டிருந்தான். பல சமயம் அவன் தப்புவது தன் பலத்தால்கூட இல்லை. ஏதோ ஓர் இரைச்சல் குறுக்கே வந்து குழலை மூழ்கடித்துவிடும், அந்த இடைவெளியில் அவன் தோள்களைத் தொட்டு உருமாறிவிடுவான். மனசாட்சிக்கு வெளியிலிருந்து ஒரு லாரிச் சத்தத்தின் உதவி தேவைப்படுகிறது என்பதைத் தத்துவ நூல்கள் இவ்வளவு கூச்சமில்லாமல் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

உருமாறிய பிறகு அவன் தோற்றத்தைப் பாருங்கள். உடம்பின் ஒரு பாதி சிவப்பு, மறுபாதி நீலம். தலையின் ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே இருக்கும் யந்திரங்கள் தெரிகின்றன. பள்ளிக்கூட ஸயன்ஸ் ரூம் மூலையில் பாதி தோலும் பாதி குடலுமாக நிற்குமே, அந்த உடற்கூறு பொம்மையின் நினைவு வரும். அழகான கதாநாயகன் வேண்டுமென்றால் இப்படி யாரும் வரையமாட்டார்கள். இதை வரைந்தவர் ஷோதாரோ இஷினோமோரி.

இவரைப் பற்றிச் சில வார்த்தை. 1938-இல் மியாகி மாகாணத்தில் பிறந்தவர். டெஸூகாவின் நிழலில் தொழில் பழகி, தோக்கிவா-ஸோ என்ற அந்தப் பிரசித்தி பெற்ற வாடகை வீட்டில் மற்ற இளம் ஓவியர்களோடு குடியிருந்தவர். 1964-இல் ‘சைபார்க் 009’, 1971-இல் ‘காமென் ரைடர்’. 1998-இல் அறுபது வயதில் இறந்தார். ஒரு தனிமனிதர் வெளியிட்ட மிக அதிகமான சித்திரக்கதைகள் என்று – 770 தலைப்புகள், 1,28,000-க்கும் மேற்பட்ட பக்கங்கள் – இறந்த பிறகு கின்னஸ்காரர்கள் கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். இந்த எண்ணிக்கை எனக்கு மலைப்பைவிடப் பயத்தையே தருகிறது. இவ்வளவையும் வரைந்த ஒருவர் கட்டளையைப் பற்றியும் யந்திரத்தைப் பற்றியும் திரும்பத் திரும்ப யோசித்ததில் ஆச்சரியமில்லை. வாரப் பத்திரிகையின் கெடு என்பதும் ஒரு குழலோசைதான்.

தொடரின் முழுப் பெயர் ‘ஜின்ஸோ நிங்கென் கிகைடர்’. முதல் இரண்டு வார்த்தைகளுக்குச் செய்யப்பட்ட மனிதன் என்று பொருள். இந்தச் சொற்றொடர் இஷினோமோரியின் கண்டுபிடிப்பல்ல. காரெல் சாபெக்கின் ‘ஆர்.யு.ஆர்.’ நாடகம் 1923-இல் ஜப்பானிய மொழியில் வந்தபோது ‘ஜின்ஸோ நிங்கென்’ என்பதுதான் அதன் தலைப்பு. அடுத்த வருஷம் டோக்கியோவில் ஸுகிஜி சிறு அரங்கம் அதை மேடையேற்றியது. செக் மொழியில் ‘ரோபோ’ என்ற வார்த்தைக்குள் இருப்பது வெட்டி வேலை, அடிமை உழைப்பு. ஜப்பானிய மொழிபெயர்ப்பில் அந்த அடிமைத்தனம் மறைந்து, மனிதன் என்ற வார்த்தை மிஞ்சிவிட்டது. மொழிபெயர்ப்பில் தொலைவதைப் பற்றி நாம் நிறையப் புலம்பியிருக்கிறோம்; சில சமயம் ஒன்று கூடவும் செய்யும். சாபெக்கின் நாடகத்தில் ரோபோக்களுக்கு ஆத்மா மாதிரி ஒன்றை, ஒரு பெண்ணின் வேண்டுகோளுக்கிணங்கி, விஞ்ஞானி ரகசியமாகக் கூட்டிவிடுகிறான். அதனால்தான் அவை கலகம் செய்து மனித குலத்தை ஒழிக்கின்றன. கோம்யோஜி செய்த காரியமும் கிட்டத்தட்ட இதுதான். விளைவு மட்டும் வேறு.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். மகோதோ நிஷிமுரா – யந்திரம் படித்தவரல்ல, உயிரியல்காரர். சாபெக்கின் அடிமை ரோபோ அவருக்குப் பிடிக்கவில்லை. செய்யப்பட்ட மனிதன் வேலைக்காரனாக ஏன் இருக்கவேண்டும் என்று கேட்டு, 1928-இல் ‘ககுதென்ஸோகு’ என்ற பிரம்மாண்டமான உருவத்தைச் செய்தார். இயற்கையின் விதியிடமிருந்து கற்பது என்பது அந்தப் பெயரின் பொருள். அழுத்தக் காற்றால் அது முகபாவம் மாற்றும், கண்ணை மூடித் திறக்கும். ஒரு கையில் எழுதுகோல், மறு கையில் விளக்கு. சுமை தூக்காது, யாரையும் அடிக்காது. யோசிப்பதுபோல் பாவனை செய்து எழுதும், அவ்வளவுதான். ஒரு தேசம் தன் முதல் ரோபோவை எழுத்தாளனாகச் செய்துவைத்தது என்பதில் நமக்கெல்லாம் ஓர் அற்ப சந்தோஷம் இருக்கலாம். ஆனால் அது முதலில் காட்சிக்கு வைக்கப்பட்டது எங்கே? கியோத்தோவில், புதிய சக்கரவர்த்தியின் பட்டமேற்பு விழாவை ஒட்டிய கண்காட்சியில். யாருக்கும் வேலைக்காரனாக இல்லாத அந்த உருவம் நின்ற இடம் அரண்மனையின் கொண்டாட்டப் பந்தல். அதே சக்கரவர்த்தியின் பெயரால் அடுத்த பதினேழு வருஷங்களில் மனிதர்களுக்கு என்னென்ன கட்டளைகள் போயின என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் 1972-க்கு வரவேண்டும். அந்த வருஷத்தை ஜப்பானில் யாரும் லேசில் மறக்கமாட்டார்கள். ஜனவரியில் குவாம் தீவின் காட்டில் ஷோயிச்சி யோகோயி என்ற சிப்பாய் அகப்பட்டார். 1944-இலிருந்து 28 வருஷம் பதுங்கியிருந்தவர்; சரணடையாதே என்று பழக்கப்பட்டவர், சரணடையவில்லை. பிப்ரவரியில் அஸாமா மலை விடுதியில் ஐக்கிய செஞ்சேனை இளைஞர்கள் ஒரு பெண்ணைப் பிணையாக வைத்துக்கொண்டு பத்து நாள் போலீஸோடு சண்டையிட்டார்கள். தேசமே டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து பார்த்தது. அதற்குப் பிறகுதான் உண்மையான கோரம் வெளிப்பட்டது. மலை முகாம்களில் அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் தங்கள் தோழர்களையே பன்னிரண்டு பேரைச் சித்திரவதை செய்து சாகவிட்டிருந்தார்கள் – சுயவிமர்சனம் போதவில்லை என்று. ஒரு பக்கம் சக்கரவர்த்தியின் சிப்பாய். மறுபக்கம் புரட்சியின் சிப்பாய். குழல் வேறு, ஊதுபவன் வேறு. ஐந்து மாதம் கழித்து, அதே டெலிவிஷன் பெட்டியில், குழலோசை கேட்டுத் தலையைப் பிடித்துக்கொள்ளும் ஜிரோ வந்தான்.

இஷினோமோரி யோகோயியை நினைத்துக்கொண்டு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு அலர்ஜி. ‘காமென் ரைடர்’ நன்றாக ஓடியது, அதேபோல இன்னொன்று வேண்டும் என்று டோயே ஸ்டூடியோ கேட்டது, பொம்மை விற்கவேண்டும், எட்டு மணிக்கு எதிர்ச்சானலில் தேசமே பார்க்கும் ஒரு தமாஷ் நிகழ்ச்சியோடு மோதவேண்டும் – காரணங்கள் இவை. வியாபாரக் காரணங்களுக்காகச் செய்யப்பட்ட ஒன்றுக்குள் காலம் தானாக வந்து உட்கார்ந்துகொள்வதுண்டு, யாரும் கூப்பிடாமலே.

தொடரில் ஒரு விஷயம் என்னை உலுக்கியது. மிட்சுகோ வெறும் கதாநாயகி அல்ல, தகப்பனின் உதவியாளர். சர்க்யூட்டைப் பூர்த்தி செய்ய அவளுக்குத் தெரியும். செய்து தருகிறேன் என்கிறாள். ஜிரோ மறுக்கிறான். குழலால் படும் அவஸ்தை ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்று தெரிந்தும் மறுக்கிறான். பிறர் கை வைத்துத் திருத்திய மனசாட்சி மனசாட்சியாக இருக்குமா என்ற கேள்வி குழந்தைகள் தொடருக்குள் பெரிய விளக்கம் எதுவும் இல்லாமல் நின்றுகொண்டிருக்கிறது. அஸிமோவின் ரோபோக்களுக்கு இந்தச் சங்கடம் கிடையாது. அவற்றுக்கு விதிகள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டுவிடும். கதையெல்லாம் விதிகளுக்கிடையே வரும் முரண்களைப் புத்திசாலித்தனமாக அவிழ்ப்பதுதான். வக்கீலின் சுவாரஸ்யம் அது. ஜிரோவிடம் இருப்பது சட்டமல்ல, புண்.

எதிரியும் அப்படித்தான். ‘கிகாய்’ என்றால் யந்திரம், ‘ஹகாய்’ என்றால் அழிவு. ஓர் எழுத்து மாறி ஹகைடர் பிறக்கிறான். கறுப்பு உடம்பு, கண்ணாடி மண்டை, உள்ளே மனித மூளை. அது கோம்யோஜியின் மூளை. தன்னைச் செய்தவனின் மூளையைச் சுமந்துகொண்டு தன்னைக் கொல்ல வருபவனை ஜிரோ எங்கே அடிப்பது? தகப்பனைக் கொல்வது பற்றி ஐரோப்பாவில் எவ்வளவு எழுதிவிட்டார்கள். இங்கே தகப்பன் எதிரியின் மண்டைக்குள் கண்ணாடி வழியாகத் தெரிகிறான்.

இது டெலிவிஷன். இஷினோமோரி தானே வரைந்து 1972 முதல் 1974 வரை ‘ஷோனென் ஸண்டே’ வாரப் பத்திரிகையில் வந்த சித்திரக்கதை வேறு பாதையில் போயிற்று. அதற்குப் பின்னால் பினோக்கியோவின் கதை ஓடிக்கொண்டே இருக்கிறது. மனசாட்சி சர்க்யூட்டுக்கு அங்கே ‘ஜெமினி’ என்று பெயர் – டிஸ்னி படத்தில் பினோக்கியோவின் மனசாட்சியாக வரும் ஜிமினி என்ற சிள்வண்டை ஒட்டி. (கொலோதியின் மூலக்கதையில் பினோக்கியோ அந்தச் சிள்வண்டைச் சுத்தியலால் அடித்துக் கொன்றுவிடுகிறான் என்பதை டிஸ்னி பார்த்து வளர்ந்தவர்கள் நம்பமாட்டார்கள்.) முடிவில் கில்லின் மூளை ஹகைடரின் உடலுக்குள் போயிருக்கிறது. ஜிரோவும் அவன் சகோதர ரோபோக்களான இச்சிரோவும் ரெய்யும் அவனிடம் அகப்படுகிறார்கள். அவர்களுக்குள் அவன் இன்னொரு சர்க்யூட்டைப் பொருத்துகிறான். கீழ்ப்படியும் சர்க்யூட். குழலை வெளியிலிருந்து ஊதி அலுத்துப்போய், இப்போது குழலையே உடம்புக்குள் வைத்துவிட்டான்.

ஜிரோவுக்குள் இப்போது இரண்டும் இருக்கின்றன. மறுக்கச் சொல்வது ஒன்று, பணியச் சொல்வது ஒன்று. இரண்டும் ஒரே உடம்பில் இருந்ததும் அவனால் இதுவரை முடியாத ஒன்று முடிகிறது: நடிக்க முடிகிறது, பொய் சொல்ல முடிகிறது. பணிந்ததுபோல் பாவனை செய்துவிட்டு, பணிந்துபோன தன் சகோதரர்களைத் தன் கையாலேயே அழிக்கிறான், கில்லையும் அழிக்கிறான். நல்லதும் கெட்டதும் உள்ளே வந்துவிட்டதால் தான் மனிதர்களைப் போல ஆகிவிட்டதாக அவனே உணர்கிறான். பினோக்கியோ மனிதனானான், அதனால் அவன் சந்தோஷமாக இருந்தானா என்ற கேள்வியோடு கதை நின்றுவிடுகிறது. பள்ளிக்கூடப் பையன்களுக்கான பத்திரிகையில் இப்படி முடித்தார்கள்.

அதே 1974-இன் மார்ச் மாதத்தில், பிலிப்பைன்ஸின் லுபாங் தீவில், ஹிரூ ஒனோடா என்ற அதிகாரி வெளியே வந்தார். யுத்தம் முடிந்து 29 வருஷம். தேடிப்போய்ப் பேசியவர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. தன் பழைய மேலதிகாரி வந்து உத்தரவை வாசித்தால்தான் ஆயுதத்தை வைப்பேன் என்றார். அந்த மேலதிகாரி அப்போது புத்தக வியாபாரி. அவரைத் தேடிப்பிடித்து அழைத்துப்போய், உத்தரவை வாசிக்கவைத்தார்கள். ஒனோடா துப்பாக்கியைக் கீழே வைத்தார். அதற்குள் அந்தத் தீவின் கிராமத்துக்காரர்கள் பலர் செத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு பாரா எழுதியே ஆகவேண்டும். எழுதாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் படித்தவனின் கெட்டிக்காரத்தனமாகிவிடும். நான் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவன். ஆட்குறைப்புப் பட்டியல் ஒன்றை என்னிடம் கொடுத்து மூன்று பிரதி அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். அதில் இரண்டு பேர் என்னோடு சேர்ந்து மத்தியானம் சாப்பிடுகிறவர்கள். அன்றைக்கும் மூன்று பேரும் சேர்ந்தே சாப்பிட்டோம். நான் ஒன்றும் சொல்லவில்லை, சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தேன். நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள என்று அதைச் சொல்லிவிடலாம். ஆனால் பிரதியில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்தேனே, அதை எதற்காகச் செய்தேன்? ஜிரோவின் பாவனைக்கு ஒரு நோக்கம் இருந்தது. என் பாவனைக்கு மத்தியானச் சாப்பாடு மட்டும்தான் இருந்தது. இஷினோமோரியின் கடைசிப் பக்கங்களை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த டிபன் பாக்ஸ்கள்தான்.

ஹவாய் பற்றி இரண்டு வரி. 1974-இல் அங்கே கிகு என்ற டெலிவிஷன் நிலையம் ஆங்கில சப்-டைட்டிலோடு இந்தத் தொடரை ஒளிபரப்பியது. அந்தத் தீவுகளின் குழந்தைகள் பைத்தியமாகத் திரிந்தார்கள். அவர்கள் வாயில் அது ‘கிகைடா’. வளர்ந்த பிறகும் அந்தப் பித்து விடவில்லை. 2002 ஏப்ரல் 12-ஐ ‘கிகைடா தலைமுறை தினம்’ என்று கவர்னரே அறிவித்தார். பிறந்த மண்ணில் ஜிரோவுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததாகத் தெரியவில்லை. 2000-இல் வந்த அனிமேஷன் தொடர் சித்திரக்கதைக்குப் பெரும்பாலும் விசுவாசமாக இருந்தது; அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

இனி படம். ‘கிகைடர் ரீபூட்’ 2014 மே 24 அன்று ஜப்பானில் வெளியாயிற்று. கடோகவாவும் டோயேயும் சேர்ந்து தயாரித்தது. டைரக்ஷன் தென் ஷிமோயாமா. ‘ரீபூட்’ என்பது கம்ப்யூட்டர்காரர்களின் வார்த்தை. பழுதான யந்திரத்தை அணைத்து மறுபடி போடுவது. பழைய படத்தைத் திரும்ப எடுப்பதற்கு முன்பு வேறு வார்த்தைகள் இருந்தன. அவற்றில் ஒரு குற்ற உணர்ச்சியாவது இருந்தது. ஆனால் சுவிட்சைத் தட்டி உயிர்பெறும் ஒருவனின் கதைக்கு இந்த வார்த்தை பொருந்தித்தான் போகிறது.

படத்தின் கதையில் ‘ஆர்க்’ என்ற அரசாங்கத் திட்டம் வருகிறது. தேசத்தின் பிரச்னைகளையெல்லாம் ரோபோக்களிடம் ஒப்படைத்துவிடும் திட்டம். அதில் வேலை செய்த கோம்யோஜி, ரோபோவுக்கு மனசாட்சி வேண்டும் என்கிறார். அவருடைய சகாவான கில் கான்ஸாகி, அது திறனைக் குறைக்கும் வேண்டாத சுமை என்கிறான். கோம்யோஜி செத்துப்போகிறார். அவர் ஆராய்ச்சியின் ரகசியத்துக்காக மிட்சுகோவையும் மசாருவையும் துரத்துகிறார்கள். ஜிரோ காப்பாற்ற வருகிறான். கடைசியில் கில்லே ஹகைடர் ஆகிறான். கித்தார் இருக்கிறது, கண்ணாடி மண்டை இருக்கிறது, இரண்டு நிறம் இருக்கிறது. ஆனால் கனம் இடம் மாறிவிட்டது. பழைய தொடரில் குழல் இருந்த இடத்தில் இப்போது திட்டமும் மந்திரியும் நிதி ஒதுக்கீடும் உட்கார்ந்திருக்கின்றன. ரகசிய ஸ்தாபனம் தேவையில்லை, அரசாங்கமே போதும். இது எழுதியவர்களின் சோம்பேறித்தனம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அந்த நினைப்பை மாற்றிக்கொண்டேன். 2011 மார்ச் 11-இல் சுனாமி. இஷினோமாகி நகரத்தில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அங்கே ஆற்றின் நடுவிலிருந்த இஷினோமோரி சித்திரக்கதைக் காட்சிசாலைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. 2012 நவம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். ஃபுகுஷிமா அணு உலை வெடித்தபோது, உலகத்துக்கெல்லாம் ரோபோ விற்ற தேசத்திடம் உள்ளே அனுப்பத் தயாராக ஒன்றுமில்லை. ஏப்ரலில் முதலில் உள்ளே போனவை அமெரிக்க ரோபோக்கள். ஜப்பானின் ‘க்வின்ஸ்’ போனது ஜூனில். ரோபோ எதற்கு என்ற பழைய கேள்வி அந்த மூன்று மாதங்களில் அவமானமாக மாறிற்று. பிறகு 2014. ஏப்ரல் 1 அன்று, ஆயுத ஏற்றுமதிக்குப் பல பத்தாண்டுகளாக இருந்த தடையைத் தளர்த்தி, மந்திரிசபை புதிய விதிகளை வகுத்தது. ஜூலை 1 அன்று, யுத்தத்தைத் துறந்த அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் ஷரத்துக்குப் புது வியாக்கியானம் செய்து, நட்பு நாட்டுக்காகவும் படை பலத்தைப் பயன்படுத்தலாம் என்றது. ஷரத்தில் ஓர் எழுத்து மாறவில்லை. அர்த்தம் மட்டும் மாறிற்று. இரண்டு தேதிகளுக்கும் நடுவில், மே 24-இல், மனசாட்சி என்ற பாகம் யந்திரத்துக்குத் தேவையா என்று அதிகாரிகள் விவாதிக்கும் ஒரு படம் வந்திருக்கிறது. படம் வந்து பன்னிரண்டாம் நாள் ஜூன் 5 அன்று, மனித உணர்ச்சிகளைப் புரிந்துகொள்ளும் என்ற விளம்பரத்தோடு ‘பெப்பர்’ ரோபோ அறிமுகமாயிற்று. கடைகளில் நின்று வாடிக்கையாளரை வரவேற்றது. 2020-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

ஆக, படம் எடுத்தவர்கள் ஒன்றைச் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். 1972-இல் மனசாட்சி ஒரு தனிமனிதன், ராத்திரியில், திருட்டுத்தனமாக, எஜமானனுக்குத் தெரியாமல் உள்ளே செருகிய சாமான். 2014-இல் அது திட்ட அறிக்கையில் ஒரு பத்தி. வேண்டுமா வேண்டாமா என்று ஓட்டுக்கு விடலாம், செலவு கணக்கிடலாம், அடுத்த மாடலில் எடுத்துவிடலாம். இந்த மாறுதல் உண்மை. நாம் வாழும் காலத்தின் உண்மை. இன்று யந்திரங்களின் ‘நல்லொழுக்கம்’ பற்றிப் பேசுவதற்கென்றே கமிட்டிகள் இருக்கின்றன. அந்தக் கமிட்டி அறையின் வாசனையைப் படம் பிடித்திருக்கிறது.

பிடித்துவிட்டு என்ன செய்தது என்பதில்தான் என் சண்டை. மனசாட்சி என்றால் தகப்பன் பிள்ளைகளுக்கு விட்டுப்போன பாசம் என்று அது விளக்கிவிடுகிறது. தகப்பனிடமிருந்து விலகிப்போன மகள், ஜிரோ வழியாக அவரைப் புரிந்துகொள்கிறாள், கண் கலங்குகிறது. (நானும் கலங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சினிமாவில் கலங்குவது ஒரு பெரிய விஷயமில்லை.) கில்லும் அதேபோல, கோம்யோஜியை ஜெயிக்கமுடியாத பொறாமையில் எரிபவனாக ஆகிவிட்டான். அரசாங்கத்தைக் காட்டிய படம், முடிவில் எல்லாவற்றையும் இரண்டு விஞ்ஞானிகளின் சொந்தப் பகையாகச் சுருக்கிவிடுகிறது. மந்திரி வீட்டுக்குப் போய்விடுகிறார். ஜிரோவின் தயக்கத்தைச் சண்டையில் கை தாமதிப்பதாகக் காட்டுகிறார்கள். அது வெறும் வேகக்குறைவு, திறன் அட்டவணையில் ஒரு கழித்தல். பழைய தொடரில் மண்ணில் புரண்டவனின் வலி எங்கே? ரப்பர் உடை, மட்டமான வெடி, ஒரே கல்குவாரியைத் திரும்பத் திரும்பக் காட்டும் லொக்கேஷன் – அத்தனை ஏழ்மைக்கு நடுவே அந்த வலி நிஜமாக இருந்தது. புதிய உடையில் ஒவ்வொரு திருகாணியும் பளபளக்கிறது. உள்ளே யாரும் துடிக்கவில்லை.

இஷினோமோரி பயந்த இடம் வேறு. மனசாட்சி இருப்பவனுக்குள்ளேயே பணிவையும் பொருத்திவிடலாம், இரண்டும் சேர்ந்து சுமுகமாக வேலை செய்யும், அப்படி வேலை செய்பவனுக்குத்தான் மனிதன் என்று பெயர் – 1974-இல் அவர் வந்து நின்ற இடம் இது. நாற்பது வருஷம் கழித்து வந்தவர்கள் அங்கிருந்து கிளம்பியிருக்கவேண்டும். அவர்கள் அதற்கு வெகுதூரம் முன்னாலேயே, மனசாட்சி நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்தில் நின்றுவிட்டார்கள். மனசாட்சியையும் ஒதுக்கீட்டையும் ஒரே மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போடும் ஓர் அதிகாரியை – கெட்டவனல்ல, பிழையில்லாமல் வேலை செய்பவனை – அந்த ஆர்க் திட்டத்துக்குள் நடமாட விட்டிருந்தால் போதும். அப்படி ஒருவனை அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

முகம் சுளித்த நண்பரையே வலுக்கட்டாயமாக உட்காரவைத்து இரண்டாம் முறை படம் பார்த்தேன். ஒரு காட்சியில் உளவியல் நிபுணராக ஒரு பெரியவர் வருகிறார். இவர் முகத்தில் மட்டும் என்னவோ இருக்கிறதே, யார் இவர் என்று கேட்டார். தைஸுகே பான், 1972-இல் ஜிரோவாக நடித்தவர் என்றேன்.

நண்பர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த மிஷினா?” என்றார். “ரொம்ப வயசாயிடுச்சே அதுக்கு.”